ஒரே பேரில் இரண்டு மரங்கள்

மாத்தளை ஸ்டேஷனில் இறங்கிப் பையைத் தரையில் வைப்பதற்குள், "கெக்குணா மரம் இங்கே பக்கத்தில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். என்னை அழைத்துப் போக வந்திருந்த புஷ்பராணி அப்போதுதான் என்னை முதன்முதலாகப் பார்க்கிறாள். கொஞ்சம் திகைத்தாள். பிறகு சிரித்தாள்.

"மொதல்ல வீட்டுக்கு வாங்க டீச்சர். மரம் எங்கயும் ஓடிறாது. வந்தவங்கள வெறும் வயித்தோட காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சா சின்னம்மா என்னய உரிச்சிருவாங்க."

அவள் சின்னம்மா மாரியம்மாள், கோத்தகிரியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் சமையல் செய்பவர். மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இரண்டு அரசாங்கங்களும் பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா வந்தவர். அக்கா குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. அந்த அக்காவின் மகள்தான் புஷ்பராணி. தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியை.

நானும் ஆசிரியைதான். ஓய்வு நேரத்தில் குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதி, படமும் நானே வரைவேன். அந்த வருஷம் எழுதிக்கொண்டிருந்தது தின்னக்கூடிய கொட்டைகளைப் பற்றி. எந்தக் கொட்டை எந்த மரத்தில் காய்க்கிறது, எதை எப்படி உடைத்துத் தின்பது என்றெல்லாம் அதில் வரும். முந்திரி முடிந்தது, நாட்டு வாதுமை முடிந்தது. மாரியம்மாள் ஒருநாள் சாதம் வடித்துக்கொண்டே, "எங்க மலையில கெக்குணாக் கொட்டன்னு ஒன்னு இருக்கு டீச்சர். உங்க பாதாம் பருப்பெல்லாம் அதுகிட்ட நிக்காது," என்றார். அதையும் சேர்த்துவிடலாம் என்று தேடினேன். தேடியதில்தான் சிக்கல். ஒரு நூலில் கெக்குணா என்று மூன்று மூலை உள்ள கொட்டையைப் போட்டு, தின்னலாம் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் அதே பேரில் உருண்டையான கொட்டை. பச்சையாகத் தின்றால் வாந்தியும் பேதியும் என்று கீழே குறிப்பு.

புத்தகம் போடுகிறவரிடம் சொன்னேன். "ரெண்டுல ஒண்ணைப் போடுங்கம்மா. யார் போய்ப் பாக்கப் போறாங்க?" என்றார்.

குழந்தைகள் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தின்றும் பார்ப்பார்கள். இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அன்றைக்கே நான் புறப்பட முடிவு செய்துவிட்டேன். இலங்கையில் சண்டையை நிறுத்தி வைத்திருந்த வருஷங்கள் அவை. "இப்ப போனாத்தான் உண்டு, அப்புறம் எப்ப மறுபடி ஆரம்பிப்பாங்களோ," என்று மாரியம்மாளும் விரட்டினார்.

புஷ்பராணி நகரத்தில், மாரியம்மன் கோயிலுக்குப் போகும் தெருவில், ஒரு கடைக்காரர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். மாடிப்படி ஏறும்போதே மிளகும் பட்டையும் மணத்தன. கீழ் வீட்டில் சாக்குகளில் கட்டி வைத்திருந்தார்கள். தேங்காய் ரொட்டியும், இடித்த மிளகாயில் மாசிக் கருவாடு போட்ட கட்டச் சம்பலும் சாப்பிட்டேன். முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்தது. தேநீரில் சீனி போடாமல், கித்துள் என்ற காட்டுப் பனையின் கருப்பட்டியை ஒரு துண்டு கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னாள். அது எனக்குப் பிடித்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பலாக்கொட்டைக் குழம்பு வைத்தாள். நான் பண்ருட்டிக்காரி. பலாவைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்ற நினைப்பு உண்டு. எங்கள் ஊரில் கொட்டையைச் சுட்டுத் தின்போம், அல்லது சாம்பாரில் போடுவோம். இங்கே தோலை உரித்து, தேங்காயை வறுத்து அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் வேக வைத்திருந்தாள். மாவு மாதிரிக் கரைந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"கெக்குணாவுக்கு நாளன்னைக்குத்தான் போகலாம் டீச்சர்," என்றாள். "நாளைக்கு வேணும்னா நாவுல பக்கம் போயி கஜு மரம் பாக்கலாம். இப்ப காய்க்கிற நேரம்." கஜு என்றால் முந்திரி. முந்திரிக் காட்டில் பிறந்தவளை முந்திரி பார்க்கக் கூப்பிடுகிறாளே என்று நினைத்தேன். ஆனாலும் போனேன்.

நாவுலயில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வெயில் மாத்தளை வெயிலாக இல்லை. காய்ந்த காற்று, சிவந்த மண், ஊரைச் சுற்றி வெங்காயப் பாத்திகள். ஒரு கடைக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக்குள் விட்டார்கள். முந்திரிப் பழங்கள் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்க, ஒவ்வொன்றின் அடியிலும் கொட்டை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. எல்லாப் பழமும் விதையை உள்ளே ஒளித்து வைக்கும்போது இது மட்டும் வெளியே வைத்திருக்கிறதே என்று குழந்தைகள் எப்போதும் கேட்பார்கள். கடைக்கார அம்மா சிங்களத்தில் ஏதோ சொன்னார். புஷ்பராணி மொழிபெயர்த்தாள்: "வரையிறதுன்னா நிழல்ல ஒக்காந்து வரையச் சொல்றாங்க. வெயில்ல மயங்கி விழுந்தா தூக்கிட்டுப் போக ஆம்பள இல்லையாம்." அவரே மதியத்துக்குக் கஜுக் கறியும் சோறும் போட்டார். பச்சை முந்திரியை மஞ்சளும் பாலும் விட்டுச் சமைத்தது. எங்கள் ஊரில் முந்திரிப் பருப்பைப் பாயசத்தில் எண்ணிப் போடுவோம். இங்கே அதுதான் கறி.

தோலோடு இருந்த கொட்டைகளைப் பை நிறையக் கட்டிக்கொண்டு தம்புள்ளைச் சந்தையைப் பார்க்கப் போனோம். ஊருக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். சண்டை நின்றிருந்தாலும் காவலரண் நிற்கவில்லை. என் பையைத் தூக்கிப் பார்த்த சிப்பாய் குலுக்கினான். உள்ளே கடகடவென்று சத்தம். அவன் முகம் மாறிவிட்டது. பாஸ்போர்ட்டை நீட்டினேன். புஷ்பராணி வேகமாகச் சிங்களத்தில் பேசினாள். பையைத் தரையில் கொட்டச் சொன்னான். கொட்டினேன்.

முந்திரிக் கொட்டைகளைப் பார்த்ததும் அவன் தோள் இறங்கியது. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ கண்டிப்பாகச் சொன்னான்.

"இதப் பல்லால கடிக்கக் கூடாதாம். பாலு பட்டா ஒதடு வெந்துருமாம். இந்தியாவுல இருந்து வந்தவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றாரு. அவர் ஊர்லயும் கஜுதானாம்."

நான் என் வலது கை விரல்களை விரித்துக் காட்டினேன். சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரி உடைத்ததில் தோல் கறுத்து உரிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. அவன் பார்த்தான். துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தன் இடது கையை நீட்டினான். அதே இடத்தில் அதே கறுப்பு. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க, அவனே குனிந்து கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தான்.

திரும்பி வரும்போது நாலந்தாவுக்கு அருகில் டயர் வெடித்தது. டிரைவரிடம் வேறு டயர் இல்லை. அவித்த சோளக்கதிர் விற்றவர்களிடம் ஆளுக்கொன்று வாங்கித் தின்றுகொண்டு, மிளகாய் மூட்டை ஏற்றிய ஒரு லொறியின் முன்பக்கத்தில் நெருக்கியடித்து வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் தும்மினேன்.

மூன்றாம் நாள் காலை நவாஸ் நானாவின் ஆட்டோவில் தோட்டத்துக்கு ஏறினோம். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவர் ஊருக்கெல்லாம் நானா. ரத்தோட்டையைத் தாண்டியதும் சாலை சுற்றிச் சுற்றி மேலே போனது. கீழே சாதிக்காயும் மிளகும், மேலே தேயிலை. ஒரு வளைவுக்கு மேல் சாலை சேறாகிவிட, நவாஸ் நானா வண்டியைத் தோட்டத்துக் கடையடியில் போட்டுவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் பிளேன்டீ குடிச்சிட்டு இங்கினயே நிக்கிறன்," என்றார்.

பள்ளிக்குப் பின்னால் நின்றது அந்த மரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அடிமரம் பலகை பலகையாக விரிந்து மண்ணைப் பிடித்திருந்தது. ஒரு காம்பில் எதிரெதிராகப் பல சிற்றிலைகள். பட்டையில் வெட்டுப்பட்ட இடத்தில் பிசின் கசிந்து உறைந்திருந்தது. கிள்ளி முகர்ந்தேன், சாம்பிராணி மணம். தரையில் கிடந்த கொட்டைகள் நீளவாக்கில், இரண்டு முனையும் கூர்ந்து, மூன்று விளிம்போடு இருந்தன. புஷ்பராணி ஒன்றைக் கல்லில் நிறுத்திவைத்துத் தட்டினாள். உள்ளே வெள்ளைப் பருப்பு. தின்றேன். மாரியம்மாள் சொன்னது பொய்யில்லை.

"இது நல்ல கெக்குணா," என்றாள். "இன்னொன்னு இருக்கு, தெல்கெக்குணா. தெல்லுன்னா எண்ணெய். அதுல முந்தி வெளக்கு எரிப்பாங்க. பீலிக்குப் பக்கத்துல நிக்குது. அது தின்னக் கூடாது." பீலி என்பது மலைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கியிருக்கும் இடம். குளிப்பது, துவைப்பது, குடிக்கப் பிடிப்பது எல்லாம் அங்கேதான்.

ஆக, இரண்டு நூலும் சரி. பேர்தான் ஒன்று, மரம் இரண்டு. நான் வந்த வேலை பாதி முடிந்த திருப்தியில் உட்கார்ந்து இலையை வரையத் தொடங்கினேன். மற்ற மரத்தை மதியத்துக்கு மேல் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

வரைந்து முடிக்கவில்லை. பிள்ளைக் காம்பராவிலிருந்து, அதாவது அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடத்திலிருந்து, ஆயாம்மா ஓடி வந்தார். "டீச்சர், செல்வியோட புள்ளைங்க ரெண்டும் வாந்தியா எடுக்குதுங்க! கொட்டயத் தின்னுட்டாங்களாம்!"

தர்ஷினிக்கு எட்டு வயது. தம்பி ரமேஷுக்கு ஐந்து. இரண்டு பேரும் வாசலில் சுருண்டு கிடந்தார்கள். ரமேஷ் அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தான். செல்வி கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி ஓடி வந்து, கூடையை எறிந்துவிட்டு மகனைத் தூக்கினாள். தோட்டத்து லொறி கொழுந்தோடு போயிருந்தது. நான் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டேன். சேற்றில் வழுக்கி வழுக்கிக் கடையடிக்கு இறங்கினோம். நவாஸ் நானா எங்களைப் பார்த்ததுமே குவளையை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். "ஏறுங்க, ஏறுங்க. அல்லாட காவல், ஒண்டும் ஆகாது."

கீழே ஊரில் இருந்தது சிறிய ஆஸ்பத்திரி. டாக்டர் இளைஞர். குழந்தைகளைப் பார்த்ததும் சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, புஷ்பராணி இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

"என்ன கொட்டை தின்றார்கள்?"

"கெக்குணான்னு சொல்லுதுங்க," என்றாள் செல்வி.

"எந்த இடத்தில் விளையாடினார்கள்?"

ஆயாம்மாவும் கூட வந்திருந்தார். "கோயில் பக்கமாத்தான் காலையில வெளாண்டுக்கிட்டு இருந்தாங்க ஐயா."

கோயில் என்றதும் டாக்டரின் முகம் இறுகியது. "அங்கே மஞ்சள் அலரி நிற்கிறதா?"

நின்றது. எங்கள் ஊரில் அரளி என்போமே, அதுதான்; எல்லாத் தோட்டக் கோயிலிலும் பூசைக்கு நிற்கும். அலரிக் கொட்டைக்கும் மூன்று மூலை உண்டு.

டாக்டர் நிதானமாக விளக்கினார். எண்ணெய்க் கெக்குணா என்றால் குடலைப் புரட்டி எடுக்கும், நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் இங்கேயே தேறிவிடுவார்கள். அலரி விதை என்றால் அது நெஞ்சைப் பிடிக்கும். உடனே கண்டிக்கு அனுப்ப வேண்டும், மருந்தும் கருவியும் அங்கேதான். இங்கே இருக்கும் ஒரே ஆம்புலன்ஸ் பிரசவ வலி கண்ட ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. "அது திரும்பி வருவதற்குள் எனக்கு அந்தக் கொட்டை வேண்டும்," என்றார்.

 நானும் புஷ்பராணியும் வெளியே ஓடினோம். நவாஸ் நானா எஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார்.

சேற்று வளைவிலிருந்து ஏறும்போது என் செருப்பு ஒன்று போயிற்று. அதைத் தேட நிற்கவில்லை. முதலில் கோயில். அலரி மரத்தடியில் பச்சைக் காய்களும் கறுத்த காய்களும் கிடந்தன. எல்லாம் முழுசு. உடைத்த ஓடு ஒன்றும் இல்லை. "இல்ல டீச்சர், இங்க இல்ல," என்றாள் புஷ்பராணி, பாதி நிம்மதியோடு. உடைக்கக் கல் வேண்டுமே, கல் எங்கே இருக்கும் என்று யோசித்தோம். இருவருக்கும் ஒன்றாகத் தோன்றியது, துவைக்கிற கல்.

பீலியடியில் அந்த மற்ற மரத்தை முதன்முதலாகப் பார்த்தேன். இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இலை அகலமாக, மூன்று முனையோடு, மாவு தூவியது போல வெளுத்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மரமே வெள்ளியாகத் தெரியும். துவைக்கிற கல்லைச் சுற்றி உருண்டையான, சொரசொரத்த, தடித்த ஓடுகள் உடைந்து கிடந்தன. கல்லில் எண்ணெய் மினுமினுத்தது. பருப்புத் துணுக்கும் கிடந்தது.

"கெடச்சிருச்சு! வாங்க போவோம்," என்று புஷ்பராணி கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்குக் கால் நகரவில்லை. "இதையும் தின்று அலரியையும் தின்றிருந்தால்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டாள். நான் இந்தப் பக்கம். புல்லை விலக்கி, ஓடையில் கைவிட்டுச் சேற்றை அள்ளி, ஒவ்வொரு சில்லையும் எடுத்துப் பார்த்தோம்.  அவசரப்படாதே, ஒன்றைக்கூட விடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உருண்டை ஓடுதான். அலரியின் தட்டையான மூன்று மூலை ஓடு ஒன்றுகூட இல்லை. உடைந்த ஓடுகளோடு உடையாத உருண்டைக் கொட்டை ஒன்றையும் முந்தானையில் கட்டிக்கொண்டோம். பள்ளிக்குப் பின்னாலிருந்து ஒரு நல்ல கெக்குணா, கோயிலடியிலிருந்து ஓர் அலரிக் காய், இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றிருந்தது. டாக்டர் ஓடுகளைப் புரட்டிப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் தர்ஷினியின் கட்டிலில் மூன்று கொட்டைகளையும் வரிசையாக வைத்தேன். "எதைத் தின்றாய் கண்ணு? காட்டு."

சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல் மறு கையால் உருண்டையைத் தொட்டாள்.

"இதையும் தின்றாயா?" அலரிக் காயைக் காட்டினேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். "இது சாமி மரத்துது. தொட்டாலே அம்மா அடிப்பாங்க."

செல்வி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ரமேஷின் நாடியை மறுபடி பிடித்துப் பார்த்தார். பிறகு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கையசைத்தார். வேண்டாம். ஆனாலும் அன்று முழுவதும் அவர் அந்தக் கட்டில்களைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது ரமேஷ் உட்கார்ந்து பாண் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவர்கள் அப்பா சிவலிங்கம் பக்கத்தில் நின்றார். தர்ஷினிக்கு இன்னும் சோர்வு. என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கூப்பிட்டாள். யாருக்கும் கேட்காமல் சொல்ல வேண்டும் போல.

"அது நல்லா இருந்திச்சு டீச்சர். தேங்கா மாதிரி. அதான் தம்பிக்கும் குடுத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை நான் எழுதியிருந்தது, கெட்ட கொட்டை கசக்கும், கசந்தால் துப்பிவிடுங்கள் என்று. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். அந்தப் பிள்ளை கசக்கிறதா என்று பார்த்துத்தான் தின்றிருக்கிறாள். கசக்கவில்லை என்றதும் தம்பிக்குக் கொடுத்திருக்கிறாள். அங்கேயே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "இது ருசியாக இருக்கும். ஆனாலும் தின்னக் கூடாது." அவளிடம் படித்துக் காட்டினேன். யோசித்தாள். "தம்பிக்கும் குடுக்கக் கூடாதுன்னு போடுங்க," என்றாள். போட்டேன்.

குழந்தைகள் வீடு திரும்பிய மறுநாள், பாதியில் விட்ட இலையை வரைந்து முடிக்க மறுபடி தோட்டத்துக்குப் போனோம். பள்ளிக்குப் பின்னால் கூட்டம். சிவலிங்கம் கோடரியோடு நின்றார். இன்னும் சில ஆண்களும் இருந்தார்கள். செல்வி தர்ஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"செல்வியக்கா, இது அந்த மரம் இல்ல," என்று புஷ்பராணி ஓடினாள். "பீலிகிட்ட நிக்கிறத வெட்டுறதுன்னா வெட்டுங்க. தெனமும் சின்னப் புள்ளைங்க போற எடம், நானும் ஒத்துக்கிறேன். இத ஏன் வெட்டுறீங்க?"

"ரெண்டுக்கும் ஒரே பேர்தானே? அந்தப் பேர்ல ஒரு மரமும் இங்க வேணாம்."

"இது நல்ல மரம்க்கா. நம்மல்லாம் தின்னு வளந்தது."

"நமக்குத் தெரியும். எம்புள்ளைக்கித் தெரியுமா?" செல்வி மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "கெக்குணா தின்னலாம்னு அவளுக்கு யாரு சொன்னா? எல்லாருந்தான் சொன்னோம். நானுந்தான் சொன்னேன். பேரச் சொல்லிக் குடுத்தோமே டீச்சர், மரத்தக் காட்டுனோமா?"

 சிவலிங்கம் கோடரியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

எனக்கு அங்கே பேச உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் கடல் தாண்டி வந்தது இதற்குத்தான். "இன்றைக்குக் காட்டுகிறோம்," என்றேன். "எல்லாக் குழந்தைகளுக்கும். காட்டிய பிறகும் வெட்ட வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் குறுக்கே வரமாட்டேன்."

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காட்டுங்க இந்தியா டீச்சர். நானும் பாக்கிறேன்."

லயத்திலிருந்த, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்த, பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பெரிய மரத்தின் பட்டையை முகர வைத்தோம். சிற்றிலைகளை எண்ண வைத்தோம். பிறகு பீலியடிக்கு நடத்திப் போய், வெளுத்த இலையைத் தேய்த்து விரலில் மாவு ஒட்டுவதைப் பார்க்க வைத்தோம். அதன் கொட்டை ஒன்றை உடைத்துப் பருப்பைக் குச்சியில் குத்திக் கொளுத்தினாள் புஷ்பராணி. மெழுகுவத்தி போல எரிந்தது. "எரியிறதத் திம்பீங்களா?" என்று கேட்டாள். மாட்டோம் என்று கத்தினார்கள். நான் அங்கேயே நின்று அந்த வெளுத்த இலையையும் வரைந்து முடித்தேன். அன்று மாலை பீலியடி மரத்தை வெட்டிவிட்டார்கள். அந்தச் சாதி மரம் மலையில் இன்னும் எத்தனையோ நிற்கிறது. ஆனாலும் கோடரி விழும் சத்தம் கேட்டபோது எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

மரத்தை வெட்டுவதற்கு முன்னால், பெரிய மரத்தடிக்குத் திரும்பி வந்து, ஒரு சுளகில் இரண்டு கொட்டைகளையும் கலந்து போட்டோம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பிரித்தார்கள். உருண்டை அந்தப் பக்கம், மூன்று மூலை இந்தப் பக்கம். வேகமாகப் பிரித்தார்கள். எங்களுக்கே பெருமையாக இருந்தது.

அப்போது செல்வி குனிந்து, சேலை மடிப்பிலிருந்து எதையோ எடுத்துச் சுளகில் போட்டுக் கலக்கினாள். சதை நீக்கிய அலரிக் கொட்டை. அதற்கும் மூன்று மூலை. புஷ்பராணியின் கை என் கையை இறுக்கியது. நாங்கள் அதைச் சொல்லித்தரவே இல்லை.

"நீ எடு," என்றாள் செல்வி மகளிடம்.

தர்ஷினி சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். நீளமானதை உருட்டிப் பார்த்து வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. தட்டையானது கைக்கு வந்தது. அதைத் திருப்பினாள், விளிம்பைத் தடவினாள், வெகுநேரம் பார்த்தாள். ரமேஷ், "அக்கா, அதுவும் மூணு மூல," என்றான்.

"மூணு மூலதான். ஆனா இது தட்ட. அது நீட்டு," என்று அதைத் தனியாக, யாருக்கும் எட்டாத தூரத்தில் வைத்தாள். "இது சாமி மரத்துது. யாரு இதுல போட்டது?"

செல்வி நிமிர்ந்தாள். கணவனிடம் கையை நீட்டிக் கோடரியை வாங்கினாள். பிரித்து வைத்ததில் ஒரு நீளக் கொட்டையை எடுத்து, வேரின்மேல் நிறுத்தி, கோடரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். பருப்பைத் தானே வாயில் போட்டு மென்றாள்.  அவள் எங்களைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை, மேலே மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவலிங்கம் சுளகுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். ரமேஷ் இரண்டு முறை "அம்மா" என்று கூப்பிட்டான். அவள் அசையவில்லை.

பிறகு இன்னொரு கொட்டையை எடுத்து உடைத்தாள்.

"வாயத் தொற," என்றாள் தர்ஷினியிடம்.